ஜேர்மன் ஏ1 சோதனையும் ‘நேமன்’ என்ற வினைச்சொல்லும்: பட்டதும் படித்ததும்

திருகோணமலையில் இருந்துகொண்டு ஜேர்மன் ஏ1 சோதனைக்குப் படிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பெரும்பாலும் என்னைப் போலக் கல்யாணம் முடிந்து, அவர் அங்கே, தான் இங்கே என்று இருக்கிற பிள்ளைகள். சில விலக்குகள் தவிர, கணவனுடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழ ஜேர்மனிக்குப் போகிறவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே அடிப்படை ஜேர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். 2007ஆம் ஆண்டிலிருந்து அங்கே அதுதான் சட்டம். அதற்காகத்தான் ஏ1 என்ற இந்த ஆரம்பநிலைச் சோதனை. எனக்கு அது எப்படிப் போனது, எவ்வளவு காசும் காலமும் கரைந்தது, பிறகு எடு என்று பொருள்படும் ‘நேமன்’ என்ற ஒரேயொரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு எப்படி மேலே வந்தேன் என்பதை எழுதுகிறேன். எனக்கு இதைச் சொல்ல அப்போது ஒருவரும் இருக்கவில்லை. யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாது. இப்போது படிக்கிற ஒரு பிள்ளைக்காவது அந்தக் காசும் அழுகையும் மிஞ்சட்டும்.

கல்யாணம் முடிந்து இவர் திரும்பிப் போனதும் வீட்டில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளை, எப்ப கிளாசுக்குப் போறாய்?” என்பதுதான். டவுனில் ஒரு தனியார் வகுப்பு, ஏ1 பாஸ் உத்தரவாதம் என்று விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். கட்டணம் 45,000 ரூபாய், முழுவதையும் முதலிலேயே கட்ட வேண்டும். அம்மா தன் காப்பை அடகு வைத்துத்தான் அந்தக் காசைத் தந்தா. சின்ன அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். முதல் நாளே ஒரு கட்டு ஃபோட்டோ கொப்பி தந்தார்கள். பக்கம் முழுக்க வினைச்சொற்களின் அட்டவணை, பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. “இதைப் பாடமாக்கினால் போதும்” என்றார் படிப்பித்தவர். நான் பாடமாக்கினேன். விடிய நாலு மணிக்கு எழும்பி, லாம்பு வெளிச்சத்தில் ஓ.எல். படித்த காலம் போலக் கத்திக் கத்திப் பாடமாக்கினேன். எந்தச் சொல்லைக் கேட்டாலும் வரிசையாக ஒப்புவிப்பேன். ஆனால் அந்த வகுப்பு முடியும்வரை ஒரு ஜேர்மன்காரரின் குரலை ஒரு தடவைகூட நாங்கள் கேட்கவில்லை. ஒலிப்பதிவு ஒன்றும் போட்டுக் காட்டவில்லை. ஒருவரோடு ஒருவர் கதைக்கவும் விடவில்லை. அது தவறு என்று சொல்ல அப்போது எங்களுக்கு என்ன தெரியும்?

அந்தத் தாளில் ஒரு வரி இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. எடு என்ற பொருளுள்ள வினைச்சொல்லுக்கு ‘நெஹ்மென்’ என்று தமிழில் எழுதியிருந்தது. உண்மையில் அதிலே இருக்கிற எச் எழுத்துக்குச் சத்தமே கிடையாது. முன்னால் உள்ள உயிரை நீட்டுவதுதான் அதன் வேலை. சொல் ‘நேமன்’ என்றுதான் கேட்கும், நே என்பதை நன்றாக இழுக்க வேண்டும். நான் அந்த ‘ஹ்’ஐ நெஞ்சிலிருந்து இழுத்துச் சொல்லிப் பழகியிருந்தேன். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நானும் இங்கே ஜேர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். இது வாசித்து விளங்கிக்கொள்வதற்கு மட்டும். நம்முடைய ‘ப’வில் அவர்களுடைய இரண்டு ஒலிகள் ஒளிந்திருக்கின்றன, ‘ட’விலும் அப்படித்தான். நான் என்பதற்கு ‘இஷ்’ என்று எழுதுகிறேன், அந்த ஒலி ‘ஷ்’ஷுக்கும் ‘ஹ்’ஹுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஃபோனில் ஒருமுறை போட்டுக் காதால் கேட்டபிறகுதான் வாயால் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் உச்சரிப்புத் தந்துவிட்டு ஒலிப்பதிவே தராத வகுப்பு என்றால் அங்கே காசு கட்டாதீர்கள்.

சோதனை கொழும்பில், ஜேர்மன் மொழி படிப்பித்துச் சோதனையும் நடத்துகிற கோதே நிறுவனத்தில். இரவு பஸ்ஸில் வெளிக்கிட்டு, கந்தளாய், ஹபரண, தம்புள்ள, குருநாகல் என்று போய் விடியற்காலையில் இறங்கினேன். கண் இரண்டும் எரிந்தது. தெரிந்தவர்கள் வீடு இல்லாததால் கோட்டை ஸ்டேஷனில் முகம் கழுவிக்கொண்டு நேரே சோதனைக்குப் போனேன். தயவுசெய்து இப்படிப் போகாதீர்கள். முதல் நாளே போய் ஒரு இரவு நித்திரை கொண்டுவிட்டுப் போங்கள். அறைக் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று சோதனைக் காசை இழக்கக் கூடாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் சேர்த்து ஒரு மணித்தியாலம் சொச்சம். அப்புறம் குழுவாக உட்கார்ந்து பேசும் பகுதி. 100 புள்ளியில் 60 எடுத்தால் பாஸ். கேட்டலில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவதும் மூன்றாவதும் இரண்டு தடவை ஒலிக்கும், நடுவில் உள்ள அறிவிப்புகள் ஒரே ஒரு தடவைதான்.

கேட்டலில் யாரோ ஒருவர் நண்பருக்கு வழி சொல்கிறார். அதில் ‘நிம்ஸ்ட் டூ டேன் புஸ்’ என்று ஒரு துண்டு. நீ பஸ்ஸை எடு, பஸ்ஸில் வா என்கிறார், அவ்வளவுதான். ஆனால் என் காது ‘நெஹ்மென்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. ‘நிம்ஸ்ட்’ என்பது அதே சொல்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. அட்டவணையில் அந்த வடிவத்தைப் பாடமாக்கியிருந்தேன், வரிசையாகச் சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பேன். வாக்கியத்துக்குள் தனியாக வந்தபோது அது எனக்கு முன்பின் தெரியாத சொல்லாக இருந்தது. அதை யோசித்துக்கொண்டிருக்க அடுத்த இரண்டு வினாவும் போய்விட்டன. பேசும் பகுதியில் ஒரு அட்டையில் உள்ள சொல்லை வைத்து ஒருவர் மற்றவரிடம் கேள்வி கேட்க வேண்டும். எனக்கு எதிரே இருந்த தம்பி கோப்பி என்ற அட்டையை வைத்துக்கொண்டு, ‘நேமன் ஸீ மில்ஷ் ட்ஸும் காஃபே?’ என்று கேட்டான். கோப்பிக்குப் பால் எடுப்பீர்களா என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த கோப்பி வாக்கியம் நான் கோப்பி குடிப்பேன் என்ற ஒன்றுதான். வாய் திறக்கவில்லை. சோதனை நடத்திய அம்மா அன்பாகச் சிரித்துக்கொண்டு காத்திருந்தா. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது.

முடிவு வந்தபோது 60க்குக் கொஞ்சம் குறைவு. ஏ1இல் எழுதுதலில் நல்ல புள்ளி வந்தது, பேச்சு மட்டும் திரும்பச் செய்கிறேன் என்று கேட்க முடியாது. முழுச் சோதனையையும் திரும்ப எழுத வேண்டும், முழுக் கட்டணத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். வகுப்புக் காசு, சோதனைக் காசு இரண்டு தடவை, போக்குவரத்து, அறை, சாப்பாடு எல்லாம் கூட்டினால் ஒரு லட்சத்துக்கு மேல். விசா அலுவல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அதைவிட மனது பட்ட பாடு பெரிது. மாமி ஃபோனில், “பரவாயில்லை பிள்ளை, அடுத்தமுறை பார்ப்பம்” என்றுதான் சொன்னா. அந்தப் ‘பரவாயில்லை’ இரவெல்லாம் குத்தியது. இவரோடு கதைக்கும்போதுகூட சோதனைப் பேச்சு வந்தால் வேறு கதைக்கு மாறிவிடுவேன். உத்தரவாதம் என்று ஒட்டிய வகுப்பில் போய்க் கேட்டேன். திரும்பவும் வந்து இருக்கலாம், ஆனால் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். கையில் எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வாதாட வழியில்லை. உத்தரவாதம் என்று யாராவது சொன்னால், எதற்கு உத்தரவாதம், பெயிலானால் காசு எவ்வளவு திரும்பும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் அந்த உத்தரவாதம் வெறும் பேச்சு.

அதற்குப் பிறகு உப்புவெளியில் சித்தி வீட்டுக்குப் போனேன். அவவின் வீட்டின் முன்பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை நம்முடைய கரையில் கடல் அமைதியாக இருக்கும், வெள்ளைக்காரர் வருவார்கள். அந்த நேரம் ஒரு வயதான ஜேர்மன் தம்பதி தங்கியிருந்தார்கள். காலைச் சாப்பாடு பரிமாறச் சித்தி என்னைக் கூப்பிட்டா. நான் ஜேர்மன் படிக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவும் வெட்கம், ஆகவே பேசாமல் நின்றேன். அந்த அம்மா மேசையைப் பார்த்துவிட்டுக் கணவரிடம், ‘இஷ் நேமெ டாஸ் ஓம்லெட்’ என்றா. எனக்கு ஓம்லெட், நான் ஓம்லெட் எடுக்கிறேன். பிறகு தேத்தண்ணிப் போச்சியைத் தூக்கி, ‘நிம்ஸ்ட் டூ நொஹ் டே?’ என்று கேட்டா. இன்னும் தேத்தண்ணி எடுக்கிறாயா? அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் குனிந்து கைப்பையைத் திறந்து மருந்துப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்து, ‘ஹாஸ்ட் டூ டைன டப்லெட்டன் கெனொமன்?’ என்றா. உன்னுடைய குளிசைகளை எடுத்தாயா?

நான் அப்படியே நின்றேன். நேமெ, நிம்ஸ்ட், கெனொமன். அட்டவணையில் மூன்று மூலைகளில் இருந்த மூன்று சொற்கள் ஒரு காலைச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டன. ஓம்லெட், தேத்தண்ணி, குளிசை என்று மூன்று பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் அவை பிறகு மறக்கவே இல்லை. அன்று பின்னேரம் ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் நேமன் என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி, இது முழுவதும் என் வாயில் வரும்வரை அடுத்த வினைச்சொல்லுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அந்தக் கொப்பியில் உள்ளதைத்தான் இனிச் சொல்கிறேன்.

முதலில் அதன் வடிவங்கள். நான் என்றால் இஷ் நேமெ. நீ என்றால் டூ நிம்ஸ்ட். அவன், அவள், அது மூன்றுக்கும் நிம்ட். நாங்கள் வீர் நேமன், நீங்கள் பலர் ஈர் நேம்ட், மரியாதைக்குரிய நீங்கள் ஸீ நேமன். கவனித்தால், நீ, அவன், அவள், அது என்ற இடங்களில் மட்டும் ‘நே’ ‘நி’யாக மாறுகிறது, மற்ற எல்லா இடத்திலும் ‘நே’ அப்படியே நிற்கிறது. எழுதும்போது இன்னுமொரு மாற்றம் உண்டு. நே என்று நீட்டுகிற இடத்தில் எச் எழுத்து இருக்கும், எம் ஒன்றுதான். நி என்று குறுகுகிற இடத்தில் எச் போய்விடும், எம் இரண்டாகும். காதால் கேட்டாலே கை எழுதிவிடும், நீட்டினால் எச், குறுக்கினால் இரட்டை எம். கட்டளையாகச் சொல்லும்போது நீ என்பவருக்கு வெறும் ‘நிம்’, எடு. மரியாதைக்கு ‘நேமன் ஸீ’, எடுங்கள். சோதனையில் ஒருவரிடம் ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்கிற பகுதி இருப்பதால் இந்தக் கட்டளை வடிவம் மிகவும் தேவை. ‘பிட்டெ நேமன் ஸீ பிளாட்ஸ்’ என்றால் தயவுசெய்து உட்காருங்கள். கதிரைப் படம் வந்தால் இந்த ஒரு வரி போதும்.

அடுத்தது, எடுக்கப்படும் பொருளின் முன்னால் வரும் சின்னச் சொல். ஜேர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் டேர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்று இருப்பது தெரியும்தானே. நேமனுக்குப் பிறகு வரும் பொருள் டேர் சொல்லாக இருந்தால் அது டேன் ஆகும். டேர் புஸ், ஆனால் இஷ் நேமெ டேன் புஸ். ரயிலும் அப்படித்தான், டேன் ட்ஸூக். டீயும் டாஸும் மாறாது: டீ டப்லெட்டெ, டாஸ் டக்ஸி. விதியை மட்டும் படித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. நேமனோடு சேர்த்துச் சொல்லிப் பழகியபோது யோசிக்காமலே டேன் வந்தது. டவுனுக்குப் போகும்போது எதிரே வருவதையெல்லாம் பார்த்து மனதுக்குள் சொல்லுவேன். இந்த பஸ்ஸை எடுக்கிறேன், அந்த ஓட்டோவை எடுக்கிறேன், கடையில் அந்தக் குடையை எடுக்கிறேன். டச்சு விரிகுடாப் பக்கம் நடக்கும்போது மான்களைப் பார்த்தும் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன், அது சோதனைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

நம்முடைய பிள்ளைகளுக்கு ஒரு பெரிய உதவியும் ஒரு பெரிய ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நம்முடைய ‘எடு’ நேமனுக்கு மிகவும் நெருக்கமான சொல். மருந்து எடுப்பது, லீவு எடுப்பது, பஸ் எடுப்பது, தையல்காரர் அளவெடுப்பது எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு நேமன் போடலாம். ஆனால் நாம் எதற்கெல்லாம்தான் எடு என்று சொல்லுவதில்லை! ஃபோட்டோ எடுக்கிறோம், அவர்களோ ஃபோட்டோ செய்கிறார்கள், அதற்கு ‘மாஹன்’. சோதனை எடுக்கிறோம், அதற்கும் மாஹன். ஓய்வு எடுக்கிறோம், அதற்கு ‘பவ்ஸெ மாஹன்’. கோல் எடுக்கிறோம், அது ‘அன்ரூஃபன்’ என்று வேறு வினைச்சொல். முடிவு எடுப்பதற்கு ‘ட்ரெஃபன்’, சந்திப்பதற்கும் அதே சொல்தான். பசி எடுக்கிறது என்றால் ‘இஷ் ஹாபெ ஹுங்கர்’, என்னிடம் பசி இருக்கிறது என்கிற மாதிரி. நேரம் எடுக்கும் என்பதற்கு ‘எஸ் டவர்ட்’. ஆனால் ஒருவருக்காக நேரம் ஒதுக்குவதென்றால் திரும்பவும் நேமன் வரும். நான் கொப்பியின் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் நேமன் வரும் எடு, அந்தப் பக்கம் நேமன் வராத எடு என்று எழுதிவைத்தேன். இந்த ஒரு பக்கம் மட்டும் ஒருவர் முதலிலேயே தந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். நீங்களும் செய்யுங்கள், உங்கள் வீட்டில் புழங்கும் எடுவையெல்லாம் போட்டு.

அன்றாடம் இது எங்கெங்கே வருகிறது என்று பார்த்தால் நம்பவே முடியாது. கடையில் சட்டை பார்த்துவிட்டு இதை வாங்குகிறேன் என்று சொல்ல வாங்கு என்ற சொல்லைத் தேடத் தேவையில்லை. ‘டாஸ் நேமெ இஷ்’, இதை எடுக்கிறேன், முடிந்தது. சாப்பாட்டுக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் ‘இஷ் நேமெ’ என்று தொடங்கிப் பெயரைச் சொன்னால் போதும். டொக்டர் சொல்லும்போது, ஒரு நாளைக்கு மூன்று முறை ஒரு குளிசை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்பதெல்லாம் ‘நேமன் ஸீ’ என்று தொடங்கும். வழி கேட்டால், இரண்டாவது தெருவை எடுங்கள், இடப்பக்கம் என்பார்கள், அதுவும் நேமன் ஸீ. சோதனையின் கேட்டல் பகுதியில் கடை, டொக்டர், ஸ்டேஷன், தெரு எல்லாம் வரும். ஆகவே ஒரே சொல் உங்களுக்குப் பல இடத்தில் கைகொடுக்கும்.

இனி எனக்கு அதிகம் தலையிடி தந்த பகுதி. நேமனுக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் சேர்ந்தால் பொருள் மாறும், வாக்கியத்தில் அந்தச் சின்னச் சொல் கழன்று கடைசிக்குப் போய்விடும். மிட் சேர்ந்தால் ‘மிட்நேமன்’, கொண்டு போதல். குடையைக் கொண்டு போ என்றால் ‘நிம் டேன் ஷிர்ம் மிட்’. நிம் தொடக்கத்தில், மிட் கடைசியில். டைல் சேர்ந்தால் கலந்துகொள்ளுதல். வகுப்பில் கலந்துகொள்கிறேன் என்பதற்கு ‘இஷ் நேமெ அம் குர்ஸ் டைல்’. அன் சேர்ந்தால் ஏற்றுக்கொள்ளுதல். அப் சேர்ந்தால் உடம்பு மெலிதல், ட்ஸூ சேர்ந்தால் உடம்பு வைத்தல். கடைசிச் சொல் வரும்வரை என்ன சொல்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியாது. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, நம்முடைய வினையும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், கடைசிவரை காத்திருந்து கேட்கும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். நேமெ, நிம்ஸ்ட், நிம்ட் என்று காதில் விழுந்ததும் விடை குறிக்க அவசரப்படாமல் வாக்கியம் முடியும்வரை கேளுங்கள். கோப்பிக் கடையில் இங்கேயே குடிப்பதா, கொண்டு போவதா என்று கேட்பார்கள். ‘ட்ஸும் மிட்நேமன்’ என்றால் பார்சல். கொண்டு போதலுக்கும் கொண்டு வருதலுக்கும் இடையில் மட்டும் கவனம் வேண்டும். கொண்டு வருவது ‘மிட்பிரிங்கன்’, உள்ளே போய் எடுத்து வருவது ‘ஹோலன்’. சித்தி என்னிடம், “தண்ணி எடுத்துவா” என்று சொல்லும்போதெல்லாம் இது ஹோலன், இது நேமன் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

இறந்தகாலத்துக்கு வகுப்புத் தாளில் ‘நாம்’ என்று ஒரு வடிவம் இருந்தது, அதைத்தான் முதலில் பாடமாக்கினேன். அது தவறான வடிவமில்லை, கதைகளிலும் எழுத்திலும் வரும். ஆனால் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ‘இஷ் ஹாபெ கெனொமன்’ என்றுதான் வரும். நான் பஸ்ஸை எடுத்தேன் என்றால் ‘இஷ் ஹாபெ டேன் புஸ் கெனொமன்’. ஹாபெ இரண்டாவது இடத்தில், கெனொமன் கடைசியில், நடுவில் மற்றதெல்லாம். சின்னச் சொல் சேர்ந்த வினைகளில் அது திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்: மிட்கெனொமன், டைல்கெனொமன். ஏ1க்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம். ‘நாம்’ என்ற அந்த வடிவத்தைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

படித்த முறையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கொப்பியைத் திறக்க மாட்டேன். வீட்டு வேலை செய்துகொண்டே, செய்வதை வாய்விட்டுச் சொல்லுவேன். குளிசை எடுக்கும் அப்பாவைப் பார்த்து ‘ஏர் நிம்ட் டீ டப்லெட்டெ’ என்பேன். அம்மாவிடம் போய் ‘நிம்ஸ்ட் டூ ட்ஸுக்கர்?’ என்று சீனிப் போத்தலைக் காட்டிக் கேட்பேன். அவ “ஓம் போடு” என்பா. ஒரு கிழமைக்குள் அம்மாவுக்கே நிம்ஸ்ட் டூ விளங்கத் தொடங்கிவிட்டது. இரவில் இவர் கோல் எடுக்கும்போது ஐந்து நிமிடம் ஜேர்மனில் மட்டும் கதைப்பது என்று வைத்துக்கொண்டோம். அங்கே வேலைக்கு என்ன எடுத்துப் போனீர்கள், எந்த ரயிலை எடுத்தீர்கள் என்று கேட்பேன். இவர் திருத்துவார். முதல் நாள்கள் அழுகை வந்தது உண்மை. கணவனோடு கதைக்கக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தையும் பாடத்துக்குக் கொடுக்கிறோமே என்று இருந்தது. பிறகு அதுவே எங்களுக்குள் ஒரு சந்தோஷமாக மாறியது.

காசு கொடுக்காமல் கிடைப்பவை நிறைய இருக்கின்றன. டொய்ச்ச வெல்லே என்ற ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ‘நிகோஸ் வேக்’ என்று ஒரு காணொளிப் பாடத்தை ஏ1இலிருந்து இலவசமாகவே வைத்திருக்கிறது, நேமன் எத்தனை வாயில் எத்தனை விதமாக வருகிறது என்று அதில் கேட்கலாம். கோதே நிறுவனத்தின் இணையத்தளத்தில் மாதிரிச் சோதனை ஒலிப்பதிவோடு இருக்கிறது. ஏ1க்கான சொற்பட்டியலும் இருக்கிறது, ஏறக்குறைய 650 சொற்கள்தான். வகுப்புக்குப் போவதென்றாலும் இவற்றை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். அப்போதுதான் படிப்பிக்கிறவர் சோதனைக்குப் படிப்பிக்கிறாரா, தாளை விற்கிறாரா என்று உங்களுக்கே தெரியும். நல்ல ஆசிரியர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வகுப்பை நம்பலாமா என்று பார்க்க நான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி, ஒரு நாள் இருந்து பாருங்கள், அந்த ஒரு நாளில் உங்கள் வாய் எத்தனை நிமிடம் ஜேர்மன் பேசியது என்று பாருங்கள்.

அடுத்த முறை கொழும்புக்கு முதல் நாளே போய்விட்டேன். கேட்டலில் நேமனின் வடிவங்கள் வந்த இடமெல்லாம் தெரிந்த ஆள் சந்தியில் நிற்பதுபோல இருந்தது. பேசும் பகுதியில் எனக்கு வந்த படத்தில் ஒரு குடை. ‘நேமன் ஸீ பிட்டெ டேன் ஷிர்ம் மிட்’ என்று சொன்னேன். டேன் வந்தது, மிட் கடைசியில் வந்தது. எதிரே இருந்த அக்கா நன்றி சொல்லிப் பதில் தந்தா. வெளியே வந்து இவருக்குக் கோல் எடுத்தபோது முடிவு வரவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. புள்ளி 80க்கு மேல். அம்மாவின் காப்பை இவர் அனுப்பிய காசில் மீட்டுக் கொடுத்தேன். விசா அலுவல் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

நேமன் வாயில் வந்துவிட்டால் அடுத்து எதை எடுப்பது என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். ‘கேபன்’ எடு என்றேன், கொடு என்ற சொல். அதிலும் நீ, அவன் என்ற இடங்களில் ‘கே’ ‘கி’யாகும், கிப்ஸ்ட், கிப்ட். எழுத்து மாற்றம் நேமன் அளவுக்கு இல்லை. ‘எஸ் கிப்ட்’ என்றால் இருக்கிறது, கிடைக்கிறது என்று பொருள், அதுவும் சோதனையில் நிறைய வரும். அதற்குப் பிறகு ‘ஷ்ப்ரெஷன்’, பேசு. பிறகு ‘ஹெல்ஃபன்’, உதவு. இந்த இரண்டும் இறந்தகாலத்தில் நேமனைப் போலவே ‘ஒ’வுக்குப் போகும், கெஷ்ப்ரொஹன், கெஹொல்ஃபன். ‘எஸன்’, சாப்பிடு, ‘லேஸன்’, வாசி, ‘ஸேயன்’, பார், இந்த மூன்றும் இறந்தகாலத்தில் ‘எ’யிலேயே நிற்கும். இந்த ஏழும் வாயில் வந்தபிறகு அவள் அந்தப் பெரிய அட்டவணையைத் திறந்து பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பின்னேரங்களில் கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இப்போது கேபனில் நிற்கிறாள்.